பிஆருக்கு வால் முளைத்த கதை

பழைய வெப்சைட் ஒன்றின் சோர்ஸைத் திறந்த வாசகர் ஒருவர், பிஆர் டேக்குக்கெல்லாம் (வரியை உடைத்து அடுத்த வரிக்குப் போகச் சொல்லும் குறி) கடைசியில் ஒரு சாய்கோடு இருக்கிறதே, எதற்கு என்று கேட்டிருக்கிறார். வெப் பக்கங்களை எழுதுகிற மொழி எச்டிஎம்எல், அதன் கறாரான வடிவம் எக்ஸ்எச்டிஎம்எல். அந்தக் காலத்து வால் அது.

தகவலை டேக் போட்டு எழுதுவதற்காக 1998-இல் வந்த எக்ஸ்எம்எல் கறாரானது. திறந்த டேக்கை மூடியே ஆகவேண்டும், அதிலும் கடைசியில் திறந்ததை முதலில். பிஆருக்குள் எதுவும் இல்லை, அதனால் தன்னைத் தானே மூடிக்கொள்ள அந்தக் கோடு. இந்தச் சட்டத்தை எச்டிஎம்எல்லுக்கும் போட்டு 2000 ஜனவரியில் எக்ஸ்எச்டிஎம்எல் 1.0 வந்தது. நானும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து என் பக்கங்களை மாற்றினேன். ஒரு லிங்க்கில் ஆம்பர்சாண்டை (& குறி) அதற்குரிய குறியீடாக மாற்றாமல் அப்படியே விட்டிருந்தேன், ஃபயர்ஃபாக்ஸில் கட்டுரை மொத்தமும் போய் பிழைச் செய்தி மட்டும் நின்றது! அதுவும் சர்வர் அதை எக்ஸ்எம்எல் என்று சொல்லி அனுப்பினால்தான். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு 2011 வரை அது புரியவே இல்லை என்பதால் பெரும்பாலானவர்கள் சாதா எச்டிஎம்எல் என்றே அனுப்பினார்கள், பிரவுசரும் வாலைக் கண்டுகொள்ளாமல் போய்விடும்.

சரி, கறார் இல்லாத எச்டிஎம்எல் பிழையை எப்படிச் சமாளிக்கிறது? எனக்குப் பிடித்த இடம் இதுதான். தடித்த எழுத்து டேக்கைத் திறந்து 'ஒன்று' என்று எழுதுங்கள், அதற்குள் ஒரு பத்தியைத் திறந்து 'இரண்டு', இப்போது பத்தியை மூடாமலே தடிப்பை மூடி 'மூன்று', அப்புறம் பத்தியை மூடுங்கள். எக்ஸ்எம்எல் இங்கேயே படுத்துவிடும். பிரவுசருக்குள் டேக்குகளைப் படித்துப் பக்கத்தைக் கட்டுகிற எச்டிஎம்எல் பார்சரோ, தடிப்பை மூடும் டேக்கைப் பார்த்ததும் அதன் பிள்ளையாக, அதாவது அதற்குள்ளே, இருந்த பத்தியை வெளியே எடுத்து அதற்குப் பக்கத்திலேயே உட்கார வைக்கிறது. தடிப்புக்கு ஒரு நகல் எடுத்து, பத்தியிடம் இருந்த 'இரண்டை' அந்த நகலுக்குத் தத்துக் கொடுத்து, நகலைப் பத்திக்குள் வைக்கிறது. அப்புறம் வருகிற 'மூன்று' நேராகப் பத்தியின் பிள்ளை, அதனால் மெல்லிய எழுத்து. இதற்குப் பெயரே தத்தெடுப்பு நிலைய அல்காரிதம்! அளவுக்கு மேல் சுற்றாமல் இருக்க 8 சுற்று என்று வரம்பும் உண்டு.

எச்டிஎம்எல்லின் புதிய விதிமுறையான எச்டிஎம்எல்5 இதையெல்லாம் அடி அடியாக எழுதி வைத்ததால் எல்லா பிரவுசரும் ஒரே மாதிரி திருத்துகிறது. எழுதுகிறவன் செய்த தப்புக்குப் படிக்க வந்தவரைத் தண்டிப்பது அநியாயம் என்பது என் கட்சி. அடுத்த பதிப்பான எக்ஸ்எச்டிஎம்எல் 2 வேலையை 2009-இல் கைவிட்டதில் எனக்கு வருத்தமே இல்லை.

பிஆருக்கு இன்றும் சிலர் வால் போடுகிறார்கள், வண்டியில் எலுமிச்சம்பழம் கட்டுகிற மாதிரி, கெடுதல் இல்லை. ஈபப் மின்னூல் செய்கிறவர்கள் மட்டும் விட்டுவிடாதீர்கள், அங்கே உள்ளே இருப்பது இன்றும் அந்தப் பழைய கறார்க்காரன்தான்.