சர்ச் சுவத்துல நினைவுக் கல் வைக்கணுமா? ஆர்டர் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

இங்கிலாந்துல பழைய சர்ச் கட்டடங்களைப் பழுதுபார்க்கிற ஆர்க்கிடெக்ட் நான். அப்பாவுக்கு உள்சுவத்துல ஒரு நினைவுக் கல் வைக்கணும்னு குடும்பத்தோட வருவாங்க, பல நேரம் ஸ்லேட்ல பேர் செதுக்கி, பணமும் கட்டி முடிச்சிருப்பாங்க, கேட்டா ஆயர், அதாவது அந்த சர்ச்சோட பாதிரியார், சரின்னுட்டாரேம்பாங்க.

சர்ச் ஆஃப் இங்கிலாந்துல ஆயர் சொன்னா மட்டும் பத்தாது. கல்லறைத் தோட்டத்துல வைக்கிற சாதாரண கல்லுக்கு, திருமண்டல (பல சர்ச்சுகள் சேர்ந்த நிர்வாகப் பகுதி) விதிக்குள்ள இருந்தா, அவரே அனுமதி தரலாம். உள்சுவருக்கு ஃபேக்கல்ட்டின்னு ஒரு அனுமதி வேணும், அதைத் தர்றவர் திருமண்டல நீதிமன்றத்தோட நீதிபதியான சான்சலர். முதல்ல பிசிசி, அதாவது அந்த சர்ச்சோட நிர்வாகக் குழு, தீர்மானம், அப்புறம் டிஏசிங்கிற ஆலோசனைக் குழு வாசகம், அளவு, மாட்டுற விதம்னு எல்லாத்தையும் பாக்கும், பிறகு 28 நாள் நோட்டீஸ் ஒட்டி வைக்கணும், ஆட்சேபம் இருந்தா எழுதிக் கொடுக்கலாம்.

இவ்வளவு பண்ணாலும் கிடைக்கும்னு இல்ல. ஈர்தம் புனித மார்கரெட் சர்ச் வழக்குல 1981ல கோர்ட் ஆஃப் ஆர்ச்சஸ்ங்கிற திருச்சபை மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதைத்தான் சான்சலர்கள் காலங்காலமா எடுத்துச் சொல்றாங்க, இது உரிமை இல்ல, சலுகை, திருச்சபைக்கோ நாட்டுக்கோ மனுக்குலத்துக்கோ தனிச்சிறப்பா சேவை செஞ்சவங்களுக்கு அபூர்வமாத்தான் தரணும்னு. நல்ல அப்பா, நல்ல விசுவாசிங்கிறது மட்டும் போதாதுன்னு சொல்றப்ப அவங்க முகம் வாடிடும், எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கும். ஆனாலும் இந்தக் கண்டிப்பு சரின்னுதான் நினைக்கிறேன், இல்லன்னா காசு உள்ளவங்க பேர் மட்டும்தான் சுவத்துல ஏறும், ஏறுனதை இறக்குறதும் லேசில்ல. அடிமை வியாபாரக் கம்பெனியில பணம் போட்ட டோபையஸ் ரஸ்டாட்டோட நினைவுச் சின்னத்தை சேப்பல்லேர்ந்து எடுக்கணும்னு கேம்பிரிட்ஜ் ஜீசஸ் காலேஜே கேட்டுச்சு, 2022ல சர்ச் கோர்ட் முடியாதுன்னுடுச்சு.

கட்டடத்துக்கும் இதுல ஆபத்து இருக்கு. பழைய மார்பிள் பலகை ஓரத்துல காவிக்கறை வடிஞ்சிருந்தா உள்ள இரும்புக் கொக்கி துருப்பிடிச்சிருக்குன்னு அர்த்தம், துரு உப்ப உப்ப மார்பிள் விளிம்பே பிளந்து செதில் செதிலா வரும். அதனாலதான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேக்குறோம், சிமெண்ட் வேணாம், சுண்ணாம்புச் சாந்து போடுங்கன்னு சொல்றோம். வெள்ளையடிச்ச சுவத்துக்கு அடியில மத்தியகால ஓவியமும் இருக்கலாம், கண்ட இடத்துல டிரில் போட்டா போனது போனதுதான்.

அனுமதி இல்லாம மாட்டுனா எடுக்கச் சொல்லி ஆர்டர் வரலாம். அதனால கல்வெட்டுக்காரர்கிட்ட போறதுக்கு முன்னாடியே வாசகத்தையும் சுவர் போட்டோவையும் வச்சு டிஏசி செயலாளருக்கு ஒரு மெயில் போடுங்க. கிடைக்காதுன்னு தெரிஞ்சா நினைவுப் புத்தகத்துல பேர் எழுத வழி இருக்கான்னு கேளுங்க, இல்ல சர்ச்சுக்கு நிஜமாவே தேவைப்படுற ஒரு பொருளை அவர் பேர்ல வாங்கிக் கொடுங்க, அதுக்கும் அனுமதி வேணுமான்னு அந்த மெயில்லயே கேட்டுடுங்க.