ஏழு விநாடி டிரம்ஸ்: சாம்பிளிங்கின் கைவேலையும் கடனும்

1969-இல் அமெரிக்காவின் 'தி வின்ஸ்டன்ஸ்' குழு வெளியிட்ட இசைத்தட்டின் பின்பக்கத்தில் 'ஆமென், பிரதர்' என்றொரு வாத்திய இசை இருந்தது. அதன் நடுவே மற்ற கருவிகள் எல்லாம் நின்றுவிட, டிரம்ஸ் கலைஞர் கிரெகரி கோல்மன் தனியாக நான்கு பார் (நான்கு தட்டுகள் கொண்ட தாளச் சுற்று) டிரம்ஸ் வாசிக்கிறார். சுமார் 7 விநாடிதான். ஹிப்-ஹாப்பிலும், பின்னர் பிரிட்டனின் ஜங்கிள், டிரம் அண்ட் பாஸ் இசையிலும் ஆயிரக்கணக்கான பாடல்கள் இந்த 7 விநாடியை எடுத்துக்கொண்டன. இப்படிப் பழைய ஒலிப்பதிவிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் புதிய பாடலில் வைப்பதுதான் சாம்பிளிங்; அந்தத் துண்டுதான் சாம்பிள்.

ஏன் இதையே எடுத்தார்கள் என்பது வாசிப்பைக் கவனித்தால் தெரியும். முதல் இரண்டு பாரும் ஒரே மாதிரி. மூன்றாவதில் ஒரு ஸ்நேர் (படபடக்கும் ஓசையுள்ள டிரம்) அடி கொஞ்சம் தள்ளி விழுகிறது. நான்காவதில் முதல் தட்டு வெறுமையாக இருக்கிறது. பிறகு எதிர்பார்த்த இடத்துக்கு முன்பாகவே கிராஷ் சிம்பல் என்ற உலோகத் தாளம் மோதுகிறது. மேலே வேறு கருவி எதுவும் கலக்காததால் ஒவ்வோர் அடியையும் தனியாக வெட்டி எடுக்கலாம். 1986-இல் டிஜேக்களுக்காக வந்த 'அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்' தொகுப்பு இதைப் பலர் கைக்குக் கொண்டு சேர்த்தது.

வெட்டியதற்கு இயந்திரமும் ஒரு காரணம். 1987-இல் வந்த ஈ-மு எஸ்பி-1200 சாம்ப்ளரில் (ஒலித்துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் இயந்திரம்) மொத்தமே 10 விநாடி ஒலிதான் அடங்கும். ஒரு துண்டு 2.5 விநாடியைத் தாண்டக் கூடாது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 137 தட்டு வேகத்தில் ஓடும் இந்த டிரம்ஸில் ஒரு பார் 1.75 விநாடி. ஆகவே துண்டு போட்டே ஆக வேண்டும். இடத்தை மிச்சம் பிடிக்க, நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேக இசைத்தட்டை 45 சுற்றில் சுழலவிட்டுப் பதிவார்கள்; சுமார் 35 சதவீதம் வேகம் கூடும். பிறகு இயந்திரத்துக்குள் சுருதியை ஐந்து அரைச்சுரம் (கீபோர்டில் அடுத்தடுத்த கட்டைகளுக்கு இடையே உள்ள தூரம் ஒரு அரைச்சுரம்) போல இறக்கிவிடுவார்கள். இந்தச் சுருதி இறக்கத்தில் அந்த இயந்திரத்தின் தரம் குறைந்த 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ் டிஜிட்டல் பதிவில் ஒரு உலோகக் கரகரப்பு ஏறும். குறையாக வந்த அந்தக் கரகரப்பைத்தான் இன்றைக்கும் பலர் தேடி அலைகிறார்கள்.

வேகமும் சுருதியும் ஒட்டியே நகரும். ஒரு அரைச்சுரம் ஏற வேகம் 5.95 சதவீதம் கூட வேண்டும். 137-ஐ 170 ஆக்கினால் 7 விநாடி 5.6 ஆகச் சுருங்கும், சுருதி கிட்டத்தட்ட 3.7 அரைச்சுரம் ஏறும். ஜங்கிள் இசையின் பதற்றமான டிரம்ஸ் ஓசை இதுதான். சுருதி மாறக் கூடாது என்றால் அடி அடியாக வெட்டிப் புதிய இடங்களில் வைக்கலாம். அப்போது வேகத்தைக் கூட்டினால் அடியின் வால் அடுத்ததோடு மோதும். குறைத்தால் நடுவே அமைதிப் பள்ளம் விழும்.

வெட்டும் இடம் தவறினால் 'டிக்' என்று கேட்கும். அலை பாதி உயரத்தில் இருக்கும்போது வெட்டினால் ஒலிபெருக்கி திடீரென்று தாவுவதால் வரும் சத்தம் அது. அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் வெட்டுங்கள், முடிவில் 2 முதல் 5 மில்லிவிநாடி ஃபேடு (ஒலியைப் படிப்படியாக ஏற்றுவது அல்லது இறக்குவது) கொடுங்கள். தொடக்கத்தில் நீளமான ஃபேடு வேண்டாம். குச்சி தோலில் படும் அந்தக் கூர்மை போய்விடும். கோல்மன் மெட்ரோனோம் இல்லை, மனிதர்; பார்கள் இம்மி அளவு நீளம் மாறும். எல்லாவற்றையும் கணினியின் சமமான தாளக் கட்டங்களுக்குள் இழுத்து நேராக்கினால் அவருடைய ஆட்டம் செத்துவிடும்.

இத்தனை வேலையும் படைப்புதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடன் அதனால் தீர்ந்துவிடாது.

ஒரு சாம்பிளில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன: இசையமைப்பு ஒன்று, ஒலிப்பதிவு ஒன்று. இரண்டுக்கும் தனித்தனியே அனுமதி வேண்டும். அமெரிக்காவில் 1991-இல் ராப் பாடகர் பிஸ் மார்க்கி மீதான வழக்கு, கேட்காமல் எடுக்கும் பழக்கத்துக்குக் கடிவாளம் போட்டது. எவ்வளவு சின்னத் துண்டுக்கு அனுமதி வேண்டும் என்பதில் நீதிமன்றங்களே ஒத்துப்போகவில்லை. 2005-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு விநாடி கிட்டாருக்கும் உரிமம் வேண்டும் என்றது. 2016-இல் இன்னொன்று 0.23 விநாடி ஹார்ன் (ஊதுகருவி) ஒலியைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்றது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019-இல், காதுக்கு அடையாளம் தெரியாதபடி மாற்றியிருந்தால் அனுமதி வேண்டாம் என்றது.

இந்த ஏற்பாட்டில் வாசித்தவர் பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறார். 'ஆமென், பிரதர்' விஷயத்தில் உரிமை குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் இருந்தது. அவருக்கும் நெடுங்காலம் எதுவும் வரவில்லை. 2015-இல் பிரிட்டிஷ் டிஜேக்கள் திரட்டிய சுமார் 24,000 பவுண்டு கிடைத்தது. கோல்மன் 2006-இல் வீடற்றவராக இறந்தார். ஒரு காசு ராயல்டி பார்க்கவில்லை. அதே பகுதியை வேறொருவரை வைத்து மறுபடி வாசிக்கச் செய்தால் ஒலிப்பதிவு அனுமதி தேவையில்லை, இசையமைப்பு அனுமதி போதும். ஆனால் அந்த வழியிலும் முதலில் வாசித்தவருக்கு எதுவும் போகாது. உரிமத்தொகை கொடுத்தாலும், யார் வாசித்தது என்று தேடிப் பெயர் போடுங்கள். அவரோ குடும்பமோ இருந்தால் பங்கு கொடுங்கள்.

துண்டை எடுக்கும் அன்றைக்கே இசைத்தட்டு, நிறுவனம், ஆண்டு, எந்த நிமிடம் எந்த விநாடி, வாசித்தவர் யார் என்று கோப்பிலேயே எழுதி வையுங்கள். பாடல் வெளிவருமுன் அனுமதி கேளுங்கள். ஹிட்டான பிறகு கேட்டால் விலை அவர்கள் சொல்வதுதான். மறுத்துவிட்டால் வெளியிட, சாம்பிள் இல்லாத ஒரு மிக்ஸும் தயாராக இருக்கட்டும்.