டிஜேக்கு இரண்டு சவுண்ட் கார்டு வேண்டாம், ஒன்று போதும்

மண்டபத்து ஸ்பீக்கரில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த பாட்டை ஹெட்போனில் கேட்டுத் தாளம் சேர்த்துக்கொள்வதுதான் டிஜேயின் வேலை. இரண்டும் ஸ்டீரியோவாக வேண்டுமென்றால் 4 சேனல்கள் தேவை. லேப்டாப்பின் ஹெட்போன் துளை தருவது 2 மட்டுமே.

இதற்காக மலிவான யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றைச் செருகி, மண்டபத்துக்கு அது, ஹெட்போனுக்கு லேப்டாப்பின் துளை என்று பிரித்துக்கொள்பவர்களைத் திருமண வரவேற்புகளில் அடிக்கடி பார்க்கிறேன். வீட்டில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் குறை எதுவும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு சவுண்ட் கார்டுக்குள்ளும் தனிக் கடிகாரம் இருக்கிறது. இரண்டையும் நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் என்று அமைத்தாலும் அவை அச்சு அசலாக ஒத்து ஓடுவதில்லை. பத்து லட்சத்துக்கு 50 என்ற அளவே வேறுபாடு இருந்தாலும், ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி விலகிவிடும். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 தட்டு) பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடைவெளியே அரை நொடிதான்! விலகல் சேரச் சேர ஒரு கார்டின் பஃபர் (ஒலித் தரவைச் சற்று நேரம் சேர்த்துவைக்கும் இடம்) வற்றும், அல்லது நிரம்பி வழியும். அப்போதுதான் ‘டிக்’ என்று ஒலி வெட்டும். பலர் உடனே கேபிளை மாற்றுகிறார்கள். பாவம், கேபிள் என்ன செய்யும்?

வேறு வழியில்லை என்றால், மேக்கில் ‘ஆடியோ மிடி செட்டப்’ திறந்து இரண்டு கார்டுகளையும் ஒரே கருவிபோல் இயங்கும் அக்ரிகேட் டிவைஸாக இணைத்து, ஒன்றைக் கடிகாரமாக வைத்து, மற்றதற்கு விலகலைச் சரிசெய்யும் டிரிஃப்ட் கரெக்‌ஷனைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் ஏஎஸ்ஐஓ4ஆல் (ASIO4ALL) என்ற டிரைவர் மென்பொருள் இரண்டையும் இணைத்துத் தரும். ஆனால் நிகழ்ச்சி மேடையில் அதை நான் நம்புவதில்லை.

சரியான வழி, 4 அவுட்புட் உள்ள ஒரே இன்டர்ஃபேஸ் (வெளியே செருகும் சவுண்ட் கார்டு): 1-2 மண்டபத்துக்கு, 3-4 ஹெட்போனுக்கு. பல டிஜே கன்ட்ரோலர்களுக்குள்ளேயே இது இருக்கிறது. அதற்குப் பணம் இல்லையென்றால் டிஜே ஸ்பிளிட்டர் கேபிள் வாங்குங்கள். இடது சேனல் மண்டபத்துக்கும் வலது சேனல் ஹெட்போனுக்கும் போகும். விர்ச்சுவல் டிஜே போன்ற மென்பொருள்களில் அதற்கான அமைப்பு உண்டு. ஸ்டீரியோ போய்விடும், ஆனால் கடிகாரம் ஒன்றே என்பதால் தாளம் விலகாது. இரண்டு கார்டுகளைவிட இதையே பரிந்துரைப்பேன். இரண்டு பேர் ஒரே பாட்டைக் கேட்கப் பயன்படுத்தும் சாதாரண ஸ்பிளிட்டர் இதற்கு உதவாது. கடையில் கேட்டு வாங்குங்கள்.

ப்ளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம். ஒலி தாமதமாக வரும்போது எந்தக் காதாலும் தாளம் சேர்க்க முடியாது.

இன்டர்ஃபேஸ் வழியில் போனால், கணினியின் பொது ஒலியை லேப்டாப் ஸ்பீக்கருக்கே விட்டுவிட்டு, டிஜே மென்பொருளுக்குள் மட்டும் இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் தாலி கட்டும் நேரத்தில் வாட்ஸ்அப் அழைப்பு மண்டபம் முழுக்க ஒலிக்கும்.