மண் வெடித்து வரைந்த ஓவியம்

மரம் கிடையாது, வீடு கிடையாது, அடிவானக் கோடுகூடக் கிடையாது. கீழே செம்பழுப்பு, நடுவில் மஞ்சள், மேலே சாம்பல், அவ்வளவுதான். மண்ணைக் குழைத்துப் பூசிய இப்படியொரு அரூப நிலக்காட்சியின் முன்னால் நின்று "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களை இன்னும் கிட்டே போய்ப் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் அதில் வானிலை இருக்கிறது, அதுவும் இரண்டு தடவை.

முதலில் நிறத்தில். மண்ணுக்குச் சிவப்பும் மஞ்சளும் கொடுப்பது இரும்பு. வெயிலும் நீண்ட வறட்சியும் உள்ள நிலத்தில் ஹெமடைட் என்ற சிவப்புக் கனிமம் சேரும். குளிர்ச்சியும் ஈரமும் நிலைத்த இடத்தில் கோதைட் என்ற மஞ்சள் கனிமம் மேலோங்கும். மாதக்கணக்கில் நீர் தேங்கிக் காற்று புகாத மண்ணிலோ இரும்பு வேறு வடிவத்துக்கு மாறிக் கரைந்துபோக, மிஞ்சுவது சாம்பல். கோதைட்டைச் சுமார் 300 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் உள்ளே பிணைந்திருக்கும் நீர் வெளியேறி, அது ஹெமடைட்டாகச் சிவந்துவிடும். ஒரே மண்ணில் இரண்டு நிறம் எடுக்க ஓவியர்கள் காலங்காலமாகச் செய்வது இதைத்தான்.

அப்புறம், காய்வதில். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. நீர் ஆவியாகும்போது களிமண் சுருங்கப் பார்க்கும், ஆனால் அடிப்பக்கம் பலகையைப் பிடித்துக்கொண்டிருப்பதால் முடியாது, இழுவிசை ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் மேற்பரப்பு வெடிக்கும். பூச்சு தடித்திருந்தால் பெரிய பெரிய பாளங்கள், மெல்லியதாக இருந்தால் பொடிப்பொடியான வலை. ஓவியரின் கையில் இருப்பது அந்தத் தடிமன்தான், எந்தக் கோடு எங்கே ஓடும் என்பது மண்ணின் முடிவு.

இனி இரண்டு வெடிப்புகள் சேரும் மூலையை மட்டும் பாருங்கள். முதல் வெடிப்பு விட்டதுமே அதற்குக் குறுக்கான இழுவிசை அங்கே தளர்ந்துவிடுகிறது, மிச்சமிருப்பது அதன் நீளவாட்டில் உள்ள இழுவிசைதான், அதனால் பின்னால் வரும் வெடிப்பு வளைந்து வந்து அதைச் செங்குத்தாக, 90 டிகிரியில் முட்டி நிற்கும். அதே பூச்சைத் திரும்பத் திரும்ப நனைத்துக் காயவைத்தால் ஒவ்வொரு தடவையும் மூலை கொஞ்சம் நகர்ந்து, கடைசியில் மூன்று கோடுகளும் சுமார் 120 டிகிரி இடைவெளியில் சந்திக்கும், பாளங்கள் அறுகோணம் போல ஆகும். ஆக, மூலைகள் முட்டி நின்றால் அந்த மண் அநேகமாக ஒரே தடவை காய்ந்தது. முக்கவராகப் பிரிந்தால் பல மழையும் பல வெயிலும் கண்டது.