டிராப் ஆகலைன்னா அது உங்க திறமைக் குறைச்சல் இல்ல

நான் கேம் டிசைனர். கேம்ல பாஸ்ங்கிற பெரிய எதிரி செத்ததும் தரையில என்ன விழணும்னு முடிவு பண்ற டேபிளை எழுதுறதுதான் என் முக்கால்வாசி வேலை. ஆக்‌ஷன் ஆர்.பி.ஜி. (ஒரு கேரக்டரை வளர்த்துக்கிட்டே சண்டை போடுற கேம்) ஆடுற பசங்ககிட்ட பேசும்போதெல்லாம் ஒரு பேச்சு வந்துட்டே இருக்கு, "எனக்கு மட்டும் எதுவும் விழ மாட்டேங்குது, இன்னும் நல்லா ஆடணும் போல". இந்த "இன்னும் நல்லா ஆடணும் போல"ல இருந்துதான் ராத்திரி 3 மணி வரைக்கும் உக்காந்து ஃபார்ம் பண்றது (ஒரு பொருளுக்காக திரும்பத் திரும்ப அடிக்கிறது), அப்புறம் அப்பா கார்டுல இருந்து காசு போறதுன்னு எல்லாம் ஆரம்பிக்குது. அதனால லூட்டுல, அதாவது இப்படி விழுற பொருள்கள்ல, லக்கு எங்க இருக்கு, திறமை எங்க இருக்குன்னு விளக்கமா எழுதிடுறேன்.

மான்ஸ்டர் சாகுற அந்த நொடியில உள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க. 2000-ல வந்த டயாப்லோ 2-வையே எடுத்துக்கலாம், இன்னிக்கி வர்ற முக்காவாசி லூட் கேமுக்கு அதுதான் முன்மாதிரி. முதல்ல "எதாவது விழணுமா, ஒண்ணும் விழ வேண்டாமா"ன்னு ஒரு ரோல், அதாவது கம்ப்யூட்டர் தாயம் உருட்டுற மாதிரி. விழணும்னா வாளா, பூட்ஸா, ஆயுதத்துல பதிக்கிற ரூன் கல்லான்னு அடுத்த ரோல். பொருள் முடிவானதும் அதோட தரம் என்ன, யூனிக்கா, இல்லைன்னா செட்டா, அதுவும் இல்லைன்னா ரேரா, மேஜிக்கான்னு வரிசையா கேட்டுக்கிட்டே கீழ இறங்கும். கடைசியா ஸ்டாட் (பொருளோட பலத்தைக் காட்டுற எண்) எவ்ளோன்னு இன்னொரு ரோல், அதனாலதான் ஒரே பேர் இருக்குற ரெண்டு யூனிக்ல ஒண்ணு தங்கம், இன்னொண்ணு குப்பை. இத்தனை படியிலயும் "இவன் அடியே வாங்காம கொன்னானா, பத்து தடவை செத்து எழுந்து வந்து கொன்னானா"ன்னு கேக்குற வரி ஒண்ணு கூட கிடையாது.

அப்போ திறமைக்கு வேலையே இல்லையான்னா, இருக்கு, ஆனா வேற இடத்துல. அந்த கேம்ல மேஜிக் ஃபைண்ட்னு ஒரு ஸ்டாட் உண்டு, அதை ஏத்துனா நல்ல பொருள் விழுற வாய்ப்பு கூடும். ஆனா யூனிக்குக்கு 100% போட்டா நிஜத்துல கிடைக்கிறது 71% தான், 300% போட்டா 136%, எவ்ளோ போட்டாலும் 250%-ஐ தொடவே தொடாது. ரூனுக்கு இது வேலையே செய்யாது. மேஜிக் ஃபைண்ட் உள்ள கியரை மாட்டுனா டேமேஜ் குறையும், கொல்ற வேகம் குறையும், அப்போ ஒரு மணி நேரத்துல விழுற ரோலோட எண்ணிக்கையும் குறையும். எங்க நிறுத்தணும், எந்த இடத்தை ஃபார்ம் பண்ணணும், விழுந்ததுல எதை எடுக்கணும் எதை விட்டுட்டு ஓடணும், இதெல்லாம் சுத்தமான திறமை. ஒரு மணி நேரத்துல நீங்க எத்தனை ரோல் போடுறீங்கங்கிறது உங்க கையில இருக்கு. ஒவ்வொரு ரோல்லயும் என்ன விழும்ங்கிறது உங்க கையில இல்ல. இந்த ரெண்டையும் போட்டு குழப்பிக்கிறதுதான் பெரிய சிக்கலே.

அடுத்த குழப்பம் 1% கணக்கு. 1% டிராப்னா 100 தடவை அடிச்சா ஒண்ணு கண்டிப்பா வரும்னு நிறைய பேர் மனசுல பதிஞ்சு போயிருக்கு. வராது. 100 தடவை அடிச்சும் கிடைக்காம போற வாய்ப்பு 36.6%, அதாவது மூணுல ஒருத்தருக்கு மேல வெறுங்கைதான். 300 தடவை அடிச்சாலும் கிட்டத்தட்ட 4.9% பேருக்கு கிடைக்காது, ஒரு லட்சம் பேர் ஆடுற கேம்னா அது 4,900 பேர். அந்த 4,900 பேரும் "என் அக்கவுண்டை மட்டும் எதோ பண்ணிட்டாங்க"ன்னு உண்மையாவே நம்புவாங்க. சப்போர்ட்டுக்கு வர்ற புகாரைப் படிக்கும்போது எனக்கு கஷ்டமா இருக்கும், ஏன்னா அவங்க பொய் சொல்லல, அவங்களுக்கு நடந்தது நிஜம். 299 தடவை விழாததுக்காக 300-வது தடவை வாய்ப்பு ஏறிடாது, அப்பவும் அதே 1% தான். மான்ஸ்டர் ஹன்டர் ஆடுற ஜப்பான் பிளேயர்கள் இதுக்கு "ஆசை சென்சார்"னு பேரே வெச்சுட்டாங்க, எதுக்கு ஆசைப்படுறோமோ அது மட்டும் விழாதாம். ஒண்ணை நெனச்சு ஏங்கும்போது விழாத ஒவ்வொரு தடவையும் ஞாபகத்துல நிக்கும், ஏங்காத பொருள் விழுந்தது மறந்து போகும், அவ்ளோதான்.

திறமைக்கு நேரடியா கூலி குடுக்குற கேமும் இருக்கு. 2011-ல வந்த டார்க் சோல்ஸ்ல பாலத்து மேல ஒரு டிராகன் உக்காந்திருக்கும், பாலத்துக்கு கீழ இருந்து அதோட வாலை பார்த்து அம்பு விட்டுட்டே இருந்தா வால் அறுந்து ஒரு வாள் கைக்கு வந்துடும். இதுல ரோலே இல்ல, வாலை வெட்டுனா பொருள் உறுதி. ஆனா அதே கேம்ல பிளாக் நைட்ங்கிற எதிரியை எவ்ளோ அழகா பேரி பண்ணி (அடியைத் தட்டிவிட்டு) கொன்னாலும் அவன் வாள் விழுறது லக்கு. மான்ஸ்டர் ஹன்டர் இது ரெண்டுக்கும் நடுவுல இருக்கு. வாலை வெட்டுனா வாலுக்குன்னு தனியா ஒரு ரோல், தலையை உடைச்சா அதுக்கு ஒரு ரோல், கொல்லாம உயிரோட பிடிச்சா வேற டேபிள். எந்த சீட்டை எத்தனை தடவை குலுக்கலாம்னு திறமை முடிவு பண்ணுது, எந்த சீட்டு வரும்னு இல்ல. என்னைக் கேட்டா இந்த வகைல இதுதான் ரொம்ப நேர்மையான டிசைன், ஏன்னா எங்க முயற்சி பண்ணணும்னு ஆடுறவனுக்கு தெளிவா தெரியுது.

இப்போ பசங்க அதிகமா ஆடுற கென்ஷின் இம்பாக்ட்டுக்கு வருவோம். இதுவும் ஆக்‌ஷன் ஆர்.பி.ஜி. தான், கேரக்டரை மாத்தி மாத்தி காம்போ போட நிஜமாவே கை பழகணும். ஆனா ஆர்டிஃபாக்ட் (கேரக்டருக்கு மாட்டுற பொருள்) ஃபார்மிங்ல நீங்க டொமைனை (அது கிடைக்கிற சண்டைக் களம்) 30 செகண்ட்ல முடிச்சாலும் மூணு நிமிஷத்துல முடிச்சாலும் கிடைக்கிற ரோல் ஒண்ணுதான், ஏன்னா ரெசின்ங்கிற எனர்ஜி கட்டிப் போட்டிருக்கு. 8 நிமிஷத்துக்கு 1 ரெசின் ஊறும், ஒரு நாளைக்கு 180, ஒரு டொமைனுக்கு 20, ஆக நாளைக்கு 9 தடவைதான். இப்போ உங்களுக்கு ஒரு குறிப்பிட்ட செட்ல கிரிட் டேமேஜ் (பலமா விழுற அடியோட டேமேஜ்) உள்ள சர்க்லெட் (தலையில மாட்டுறது) வேணும்னு வெச்சுக்கோங்க. டொமைன்ல ரெண்டு செட் விழும், சரியான செட் வர பாதி வாய்ப்பு. அஞ்சு வகைல சர்க்லெட்டா வர அஞ்சுல ஒண்ணு. அதுல கிரிட் டேமேஜ் மெயின் ஸ்டாட் வர பத்துல ஒண்ணு. பெருக்குனா நூறுல ஒண்ணு. ஒரு ரன்னுக்கு சுமாரா ஒரு அஞ்சு ஸ்டார் (உச்ச தரம்) ஆர்டிஃபாக்ட் விழுதுன்னா, சராசரியா பத்து பதினோரு நாளுக்கு ஒண்ணு. அதோட முடியல. அதை லெவல் 20 வரைக்கும் ஏத்தும்போது 4 லெவலுக்கு ஒரு தடவை சப்-ஸ்டாட் (கூடவே வர்ற சின்ன ஸ்டாட்) ரோல், அஞ்சும் டிஃபென்ஸ்ல போய் விழுந்தா பத்து நாள் ரெசின் அம்போ. மூணு குடுத்தா ஒண்ணு தர்ற ஸ்ட்ராங்பாக்ஸ், 2024-ல வந்த மெயின் ஸ்டாட்டை நாமளே தேர்ந்தெடுக்குற வசதி இதெல்லாம் கொஞ்சம் தாங்குது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா இங்க ரோல் எண்ணிக்கையை கூட்டுறதுக்கு திறமைக்கு வழியே இல்ல, காசுக்கு இருக்கு. பிரைமோஜெம்ங்கிற கேம் நாணயம் குடுத்து ஒரு நாளைக்கு 6 தடவை ரெசின் நிரப்பலாம், அந்த ஜெம்மை காசு குடுத்தும் வாங்கலாம்.

நான் உண்மையிலயே கவலைப்படுறது அடுத்த படியைப் பார்த்துதான். 2022-ல வந்த டயாப்லோ இம்மார்ட்டல்ல எல்டர் ரிஃப்ட்னு ஒண்ணு இருக்கு. உள்ள போய் மான்ஸ்டரைக் கொன்னு, கடைசில பாஸை அடிச்சு, பலம் கூட்டுற ஜெம் எடுக்கணும், பார்க்க சாதாரண டன்ஜன் மாதிரியே இருக்கும். ஆனா நல்ல ஜெம் வருமா வராதாங்கிறது வாசல்லயே எத்தனை லெஜண்டரி கிரெஸ்ட் போட்டீங்கங்கிறதைப் பொறுத்தது, அந்த கிரெஸ்ட் கடையில விக்குது. நடுவுல கைக்கு வேலை குடுக்குறாங்க, அதனால வந்த ஜெம்மை நாம ஜெயிச்சு வாங்குன மாதிரி இருக்கும். காசு குடுத்து பெட்டி திறக்கிறவனுக்கு தான் காசு போட்டது ஞாபகம் இருக்கும், சண்டை போட்டு பெட்டி திறக்கிறவனுக்கு சண்டைதான் ஞாபகம் இருக்கும். லூட் பாக்ஸ் (உள்ள என்ன இருக்குன்னு தெரியாம திறக்கிற பெட்டி) சட்டத்தால இந்த கேம் பெல்ஜியத்துலயும் நெதர்லாந்துலயும் வெளியாகவே இல்ல. காசு குடுத்து திறக்கிற லூட் பாக்ஸ் சூதாட்டம்னு பெல்ஜியத்தோட சூதாட்ட ஆணையம் 2018-லயே சொல்லிடுச்சு.

சரி, லக்கையே தூக்கிட்டு எல்லாத்தையும் உறுதியா குடுத்துடலாமேன்னு கேப்பாங்க. டயாப்லோ 3 2012-ல வந்தப்போ கிட்டத்தட்ட அதுதான் நடந்துச்சு, வேற வழியில. நிஜக் காசுக்கு பொருள் வாங்குற ஏலக்கடையை கேமுக்குள்ளயே வெச்சாங்க, வேணும்ங்கிறதை தேடி வாங்கிடலாம். கடைசில யாரும் தரையைப் பார்க்குறதையே விட்டுட்டாங்க, மான்ஸ்டரைக் கொல்றதை விட கடையைப் பார்க்குறதுதான் லாபம்னு ஆயிடுச்சு. 2014 மார்ச்ல அதை மூடுனாங்க, அதுக்கு மூணு வாரம் முன்னாடி லூட்டையே திருத்தி உங்க கிளாஸுக்கு (நீங்க ஆடுற கேரக்டர் வகை) பொருந்துற பொருள் அதிகமா விழுற மாதிரி மாத்துனாங்க, கேம் உயிர் பிழைச்சுது. 2024-ல முழுசா வெளியான லாஸ்ட் எப்பாக் இதை இன்னும் யோசிச்சு பண்ணிருக்கு: வியாபாரம் பண்ணி ஆடணும்னா ஒரு கில்டு, நானே அடிச்சு எடுத்துக்கறேன்னா வேற ஃபேக்‌ஷன், அதுல இருக்குறவங்களுக்கு நல்ல டிராப் கூடுதலா விழும். லக்கு இருக்கட்டும், அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. என்ன விழுமோன்னு தெரியாத அந்த ஒரு நொடிக்காகத்தான் நானே இந்த வேலைக்கு வந்தேன்.

ஒரு பிளேடெஸ்ட்ல (வெளியாகுறதுக்கு முன்னாடி ஆட விட்டுப் பார்க்குறது) நடந்ததை சொல்றேன். ஒரு பையன் பாஸை ஒரு அடி கூட வாங்காம முடிச்சான், பின்னாடி நின்னவங்க எல்லாம் கைதட்டுனாங்க, விழுந்தது சாம்பல் கலர், அதாவது மட்டமான தர, பூட்ஸ். பக்கத்து சீட்ல தட்டுத்தடுமாறி ஜெயிச்ச பொண்ணுக்கு முதல் கில்லுலயே லெஜண்டரி, அதாவது உச்ச தரப் பொருள். பையன் எதுவும் பேசல, ஹெட்செட்டை கழட்டி வெச்சுட்டான். அந்தப் பொண்ணு எங்ககிட்ட கேட்டது, "நான் என்ன சரியா பண்ணேன்?" ரெண்டு பேருமே டிராப்பை வெச்சு தங்க ஆட்டத்துக்கு மார்க் போட்டுக்கிட்டாங்க, ரெண்டு மார்க்கும் தப்பு. அதுக்கப்புறம் அந்த பாஸுக்கு அடி வாங்காம முடிச்சா உறுதியா ஒரு டோக்கன், டோக்கன் சேர்ந்தா வேணும்ங்கிற பொருளை வாங்கிக்கலாம்னு சேர்த்தோம், ரேண்டம் டிராப்பும் அப்படியே இருக்கு. டிசைனரா இருக்குற தம்பி தங்கச்சிங்க இதை யோசிங்க: லக்கை வெக்கிறீங்கன்னா பக்கத்துலயே மெதுவாவாவது நடந்து போய்ச் சேர்ற ஒரு பாதையும் வெங்க.

ஆடுறவங்களுக்கு: ஒரு பொருளுக்காக உக்காருறதுக்கு முன்னாடி, நான் வேகமா ஆடுனா ரோல் கூடுமா, இல்ல எனர்ஜி எதாவது கட்டிப் போட்டிருக்கான்னு பாருங்க. கட்டிப் போட்டிருந்தா அன்னிக்கு உள்ளதை முடிச்சுட்டு எழுந்துடுங்க, முழிச்சிருந்து ஒரு பிரயோஜனமும் இல்ல. பிட்டி (இத்தனையாவது ரோல்ல கண்டிப்பா குடுத்துடணும்ங்கிற வரம்பு) எத்தனையாவது ரோல்ல வருதுன்னு தெரிஞ்சுக்கோங்க, கென்ஷின் கேரக்டர் பேனர்ல (கேரக்டரைக் குலுக்கல்ல எடுக்குற இடம்) அஞ்சு ஸ்டாருக்கு அடிப்படை வாய்ப்பு 0.6%, 90-வது ரோல்ல கண்டிப்பா அஞ்சு ஸ்டார் ஒண்ணு, இது பேனர் விவரத்துலயே எழுதியிருக்கும். காசு போடுறதா இருந்தா அந்த 90 வரைக்கும் போற முழுச் செலவையும் முதல்லயே கணக்கு போடுங்க, நடுவுலயே வந்துடும்னு நம்பி ஆரம்பிக்காதீங்க. 90-லயும் நீங்க கேட்ட கேரக்டர்தான் வரும்னு இல்ல, வேற ஒருத்தர் வந்துட்டா மறுபடி அதே தூரம், அந்த ரெண்டாவது சுத்தையும் சேர்த்துதான் கணக்கு போடணும்.

பெத்தவங்களுக்கு ஒண்ணு. "எவ்ளோ நேரம் ஆடுற"ன்னு மட்டும் கேக்காம, "இது நீ ஜெயிச்சா கிடைக்குமா, குலுக்கல்ல வந்தா கிடைக்குமா"ன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. முக்காவாசி பசங்களுக்கு பதில் நல்லாவே தெரியும், கேட்டா உக்காந்து விளக்குவாங்க. ஸ்டோர்ல ஒவ்வொரு வாங்குதலுக்கும் பாஸ்வேர்ட் கேக்குற செட்டிங்கை மட்டும் இன்னிக்கே ஆன் பண்ணிடுங்க, போனை அவங்க கையில குடுக்குறதுக்கு முன்னாடியே.