பயோமார்க்கர்னா என்ன, தமிழ்ல அதுக்கு என்ன சொல்லு?

களியக்காவிளை பக்கம் எங்க வீட்ல கொஞ்ச நாளா எல்லார் வாயிலயும் கெடக்குற வார்த்தை மார்க்கர். மாமாவுக்கு கல்லீரல் கேன்சர், திருவனந்தபுரத்துல டிரீட்மெண்ட், அங்க டாக்டர் "மார்க்கர் நோக்கட்டெ, என்னிட்டு மருந்து தீருமானிக்காம்"னு சொன்னாரு, மார்க்கர பாத்துட்டு மருந்த முடிவு பண்ணலாம்னு அர்த்தம். திரும்பி பஸ்ஸுல வரும்போது மாமா மெதுவா கேட்டாரு, "மருமவனே, மார்க்கர்னா பள்ளிக்கூடத்துல போர்டுல எழுதுற பேனால்லா?" கேள்வி சரிதான, நமக்கு தெரிஞ்ச மார்க்கர் அது ஒண்ணுதான்.

பயோ கிரேக்கத்துல இருந்து வந்தது, உயிர், வாழ்வுன்னு அர்த்தம். மார்க் தான் சுவாரசியம். பழைய இங்கிலீஷ்ல அதுக்கு எல்லைன்னும், அடையாளம்னும் ரெண்டு அர்த்தமும் உண்டு, டென்மார்க்ங்கிற பேர்ல கடைசில நிக்கறதும் எல்லைங்கிற அதே மார்க்தான். 1956 நவம்பர் 1ல இருந்து கேரளா எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்துட்டு சாயா குடிக்க அந்தப் பக்கம் போற எங்களுக்கு இது பாடம் எடுக்காமலே வெளங்கும்.

டாக்டர்மார் பாஷைல, உடம்புல அளந்து பாக்கக்கூடிய ஒரு விஷயம், அது உடம்பு நல்லா ஓடுதா, நோய் இருக்கா, குடுத்த மருந்துக்கு உடம்பு என்ன பதில் சொல்லுதுன்னு காட்டணும், அதுதான் பயோமார்க்கர். ரத்தத்துல பாத்தா ரத்த மார்க்கர், அவ்ளோதான்.

கல்லீரல் கேன்சர்ல மூத்த மார்க்கர் ஏஎஃப்பி, முழுப்பேரு ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன். இது வயித்துக்குள்ள இருக்குற பிள்ளையோட கல்லீரல் உண்டாக்குற புரதம், பொறந்த பிறகு கொறஞ்சு போயிரும். 1963ல சோவியத் யூனியன்ல கேரி அபெலெவ் கல்லீரல் கட்டி இருந்த எலிகள்ட்ட இத பாத்தாரு, 1964ல யூரி டடாரினோவ் மனுசங்க ரத்தத்துலயும் கண்டுபிடிச்சாரு. கேன்சர் செல்லு பச்சப்புள்ள காலத்து வேலைய மறுபடி எடுத்து செய்யுதுன்னு வச்சுக்கிடுங்க. ஆனா எல்லா கல்லீரல் கேன்சர்லயும் இது ஏறாது, கேன்சரே இல்லாம மஞ்சக்காமால வைரஸ் கெளம்புனாலும் ஏறும்.

இப்ப சொல்லப்போறதுலதான் எங்க வீட்ல எல்லாரும் கொழம்புனோம். மார்க்கர்ல பல வகை இருக்கு, அதுல ரெண்ட பிரிச்சு பாக்கணும். ஒண்ணு எந்த மருந்து குடுத்தாலும் இந்த நோய் எந்த வழிக்கு போகும்னு சொல்றது. இன்னொண்ணு இந்த மருந்து இவருக்கு கேக்குமான்னு சொல்றது. ரப்பர் மரத்த பாத்து இதுல பால் கம்மிதான்னு சொல்றது வேற, இந்த உரம் போட்டா இந்த மரத்துல பால் கூடும்னு சொல்றது வேற, இல்லியா? ஏஎஃப்பி எக்கச்சக்கமா இருந்தா பொதுவா நோய் மோசம்னு அர்த்தம், அது மொத வகை. ராமுசிருமாப்னு ஒரு மருந்து, அத எல்லாருக்கும் குடுத்து பாத்தப்ப தேறல, ஆனா ஏஎஃப்பி ஒரு மில்லி ரத்தத்துக்கு 400 நானோகிராமும் அதுக்கு மேலயும் இருந்தவங்களுக்கு பலன் தெரிஞ்சுது. உடனே அந்த மாதிரி ஆட்கள மட்டும் வச்சு இன்னொரு ஆராய்ச்சி நடத்தி 2019ல முடிவு போட்டாங்க, சராசரி ஆயுசு இந்த மருந்து இல்லாதவங்களுக்கு 7.3 மாசம், எடுத்தவங்களுக்கு 8.5 மாசம். கொஞ்சம்தான், மனசு நெறயாதுதான், ஆனா கல்லீரல் கேன்சர்ல ரத்த மார்க்கர் பாத்து ஆள் தேர்ந்தெடுத்து ஜெயிச்ச மொத மருந்து அதுதான்.

மாமாவுக்கு சொல்லியிருக்குறது அட்டெசோலிசுமாப், பெவசிசுமாப்னு ஒரு மருந்து ஜோடி, 2020ல வந்தது. இதுக்கு பலன் சொல்ற நிச்சயமான ஒத்த மார்க்கர் இன்னும் கெடயாது. ஏஎஃப்பி 100க்கு கீழயா, வீக்கத்த காட்டுற சிஆர்பி ஒரு டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு கீழயான்னு ரெண்டையும் சேத்து ஒரு ஸ்கோர் போடறாங்க, ரெண்டும் கீழ இருந்தா நல்லது. பிவ்கான்னு இன்னொரு டெஸ்ட் உண்டு, ஆனா ரத்தம் கட்டாம இருக்க வார்ஃபரின் மாத்திரை திங்கறவங்களுக்கு கேன்சர் இல்லாமலே அது ஏறும், அதனால திங்கற மாத்திரை எல்லாத்தையும் டாக்டர்ட்ட சொல்லிருங்க.

செரி, தமிழ்ச்சொல்லு. சிலர் உயிர்க்குறியீடுன்னு எழுதுறாங்க, எனக்கு ஒட்டல, குறியீடுன்னா பின்கோடு ஞாபகம்தான் வருது. உயிரிக் குறிப்பான் பரவால்ல, கட்டுரைக்கு ஆகும். ஆனா வீட்ல பேச குறின்னா போதும். சித்த வைத்தியத்துல நோய் அறிகுறிக்கு குறிகுணம்னுதான் பேரு, மலையாளத்துலயும் நெத்தில வைக்கறது சந்தனக்குறி, அதுவும் அடையாளம்தான். குறின்னா ஜோசியமாட்டு இருக்கும்னு தங்கச்சி சொல்லுதா, இருக்கட்டும், வரப்போறத சொல்றதுதான இங்கயும் வேலை. அப்ப ரத்தக்குறி, அதுல நோய் போற வழி சொன்னா போக்குக்குறி, மருந்து கேக்குமான்னு சொன்னா பலன்குறி.

மாமா ஃபைல் அட்டைல ரெண்டு கட்டம் போட்டு மேல இந்த ரெண்டு பேரையும் எழுதி ரிசல்ட் கிட்டுன ஒடனே நெரப்ப ஆரம்பிச்சேன். ஏஎஃப்பிய மட்டும் ரெண்டு கட்டத்துலயும் எழுத வேண்டி வந்துச்சு.