டெக்ஸ்ட்: உரையா, வரியா?

பாளையங்கோட்டையில் எங்கள் கோயில் பாடகர் குழுவுக்காக ஒரு பாமாலையை, இசைக்குறி எழுதும் மென்பொருளான மியூஸ்கோரில் ஏற்றினேன். நான்கு குரலுக்கும் சுரம் போட்டு முடித்தபின், ‘டெக்ஸ்ட்’ என்று கண்ணில் பட்ட இடத்தில் பாட்டின் சொற்களை அப்படியே அடித்துவிட்டேன். பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு ‘பார்’ (தாளக் கட்டம்) சேர்த்ததும் எல்லாம் விலகிப்போனது. தாளை வாங்கிப் பார்த்த குழுத் தலைவர், “ஏல, வரி எங்க கெடக்கு, சுரம் எங்க கெடக்கு?” என்றார். அவர் வாயில் தானாக வந்த அந்த ‘வரி’தான் சரியான சொல் என்று இப்போது நினைக்கிறேன்.

டெக்ஸ்ட் லத்தீன் வேரில் பிறந்தது. ‘டெக்ஸெரே’ என்றால் நெய்தல். டெக்ஸ்டைலும் அதன் உறவுதான். தமிழில் புத்தகத்துக்கு ‘நூல்’ என்று பெயர் இருப்பதும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. சொல்லே பஞ்சு, புலவனே நூற்கும் பெண், வாயே கை, அறிவே கதிர் என்று நன்னூல் விரித்துச் சொல்லும். நாம் நூற்பதோடு நின்றோம், லத்தீன்காரர்கள் தறி வரை போனார்கள். நெய்த எழுத்தையே பார்க்க ஆசையென்றால் பத்தமடைக்குப் போகலாம். அங்கே கல்யாணப் பாயில் பெண் மாப்பிள்ளை பெயரைக் கோரையோடு சேர்த்தே நெய்து தருகிறார்கள்.

மென்பொருளில் இரண்டு வகை எழுத்து உண்டு. ‘மெதுவாக’, ‘டெனர் மட்டும்’ போன்றவை ஸ்டாஃப் டெக்ஸ்ட். கன்ட்ரோலும் டி-யும் அழுத்தினால் வரும். நான் செய்தது இதுதான். முழு வரியும் ஒரே ஒரு சுரத்தில் தொங்கியது, மற்ற சுரங்களோடு அதற்கு ஒட்டில்லை. பாடும் சொற்களுக்கு உரியது லிரிக்ஸ். சுரத்தைத் தேர்ந்து கன்ட்ரோலும் எல்-லும் அழுத்தினால், ஒவ்வொரு அசையும் தன் சுரத்தோடு பிணைந்துவிடும். அசை நீளமானால் சுரங்களும் விலகி இடம் கொடுக்கும். பத்தமடைப் பாய் போல நெய்த எழுத்து இதுதான்.

அகராதிகள் டெக்ஸ்டுக்கு ‘உரை’ என்கின்றன. பாடல் வரிக்கு அது பொருந்தாது. தமிழில் பாட்டும் உரையும் எதிரெதிர். சிலப்பதிகாரத்தையே ‘உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்’ என்றுதானே பிரித்துச் சொல்கிறோம்? ஸ்டாஃப் டெக்ஸ்டைக் ‘குறிப்புரை’ என்று சொல்லலாம். லிரிக்ஸுக்கு ‘வரி’. லிரிக் என்ற சொல் கிரேக்கத்து ‘லைரா’விலிருந்து, அதாவது யாழ் போன்ற ஒரு நரம்புக் கருவியிலிருந்து வந்தது. புகார்க் கடற்கரையில் கோவலனும் மாதவியும் யாழோடு பாடியதன் பெயர் கானல்வரி. இரண்டு மொழியிலும் அந்தப் பாட்டு நரம்பை ஒட்டியே பிறந்திருப்பதைக் கண்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். பாட்டின் சொற்களைக் கர்நாடக இசையில் ‘சாகித்யம்’ என்பார்கள். 1904-இல் எட்டயபுரத்தில் அச்சான சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற நூல், சுரத்தோடு கமகக் குறிகளையும் (சுரத்தை அசைத்துப் பாடுவதற்கான குறிகள்) காட்டி சாகித்யத்தைப் பதிப்பித்தது. அச்சுக்கோக்கும் காலத்தில் அது எவ்வளவு பெரிய உழைப்பு!

சரி, வரியை எப்படிப் பிரிப்பது? ‘திருநெல்வேலி’யில் எழுத்து ஆறு, சுரம் ஐந்து: தி-ரு-நெல்-வே-லி. புள்ளி வைத்த மெய் தனியாக ஒரு சுரத்தில் நிற்காது, முன்னெழுத்தோடு சேர்த்தே அடிக்க வேண்டும். அசைக்கு அசை சிறுகோடு, சொல் முடிந்தால் இடைவெளி. ‘வே’யை மூன்று சுரத்துக்கு இழுத்தால் சிறுகோட்டையே மூன்று தடவை தட்டலாம், கடைசி ‘லி’யை இழுத்தால் அடிக்கோடு. அப்புறம் பிழை கண்டால் அந்த அசையை இருமுறை சொடுக்கித் திருத்தலாம், பக்கத்து அசை அசையாது.